தாலி மாறிய ஞாயிற்றுக்கிழமை

தினேஷ்,

மத்தியானம் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே மழை பெய்கிறது என்றும் சொல்ல முடியாது, பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. கோர்படியின் ஆவணி மழை உனக்குத் தெரியும். துணி காயாது, ஆனால் குடை விரித்தால் சிரிப்பார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து மரங்கள் எல்லாம் புகைக்குள் நிற்கின்றன. எங்கோ ஒரு எஞ்சின் கூவுகிறது, எந்தத் திசை என்று தெரியவில்லை. இந்த நேரத்தில் எனக்குக் கண் சொக்கும். தூக்கமும் விழிப்பும் கலந்து கிடக்கிற இந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்கு மனதில் இருப்பது வாயில் வருகிறது. முழுசாக விழித்திருக்கும்போது உன் அம்மா எல்லாவற்றுக்கும் 'சரிப்பா' என்று சொல்லிவிடுகிறாள். போன வாரம் நீ வந்தபோதும் அப்படித்தான் சொன்னேன். அந்தச் 'சரிப்பா'வைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அதுவும் நல்லதுக்குத்தான். வாட்ஸாப்பில் அனுப்பினால் மகர்பட்டா சிக்னலில் நிற்கும்போது ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, கட்டை விரல் படத்தை ஒன்று அனுப்பிவிட்டுப் போய்விடுவாய். இதை அப்படித் தாண்டிப் போக முடியாது. ஒவ்வொரு எழுத்தாக என்னோடு உட்கார்ந்தே ஆகவேண்டும். முடியாத இடத்தில் நிவேதாவைக் கூப்பிடு. கோயம்புத்தூர்ப் பெண், தமிழில் படித்து வந்தவள், கடகடவென்று வாசித்துவிடுவாள். நீ என்னிடம் வந்து சொன்னது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. தெரியாதென்றால் தெரிந்துகொள்ளட்டும். அவள் பெற்ற பிள்ளையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீ வந்து இந்தக் கட்டிலின் ஓரத்தில்தான் உட்கார்ந்தாய். ஷூவைக் கழற்றவில்லை. அப்போதே எனக்கு ஏதோ இருக்கிறது என்று பட்டது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"மா, ஞாயித்துக்கெழம காலைல ஒரே கூட்டமா இருக்கும். நீ சாயங்காலமா வா. நான் கேப் போட்டு அனுப்புறேன்."

"ஏன்டா, தொட்டில் காலைலதானே போடறீங்க?"

"நிவேதாவோட அம்மா போட்டுடுவாங்க மா. அவங்க ஊர்ல ஒரு ஜோசியர் இருக்காரு. அவரு இன்னாமோ சொல்லியிருக்காரு. தாலி கை மாறுன வீடாம். அந்தக் கை தொட்டிலத் தொடக் கூடாதாம். எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்ல மா. ஆனா கர்மான்னு ஒண்ணு இருக்கில்ல? பாப்பா இப்பதான் தேறி வந்திருக்கா. ரிஸ்க் எதுக்குன்னு பாக்குறேன்."

நான் 'சரிப்பா' என்றேன். நீ ஒரு பெருமூச்சு விட்டாய். வாங்கி வந்த வடா பாவ் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தாய், நானும் தின்றேன். நீ போன பிறகு, டம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. அந்த ரிஸ்க் நான். வேறு யாரோ இல்லை, எதுவோ இல்லை, நான்தான். கோபப்படாமல் எழுதுகிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். கோபம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, பாப்பா பிறந்தபோது நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்ற உருவமும் இருக்கிறது. அதனால் கோபம் நேராக உன்மேல் வந்து விழமாட்டேன் என்கிறது.

எனக்குத் தொட்டிலைத் தொட்டே தீரவேண்டும் என்ற வீம்பு கிடையாது. புருஷன் போனவள் முன்னால் நிற்கக் கூடாது என்பது நம் ஜனங்களிடம் இருக்கிற பழக்கம். எனக்கும் தெரியும். உன் கல்யாணத்தில் நானே போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நீதான் மாலையும் கழுத்துமாக மணையிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். "எங்கம்மா இங்கதான் நிப்பாங்க, நீங்க சொல்லுங்க சாமி" என்றாய். அன்றைக்கு எனக்கு வந்த அழுகை சந்தோஷத்தில் வந்தது. அந்தப் பிள்ளைதான் இப்போது சாயங்காலமாக வா என்கிறான். நீ மாறிவிட்டாய் என்று நினைக்கவில்லை. நீ பயந்துபோய்விட்டாய். பயந்த மனுஷன் கையில் முதலில் கிடைப்பது இந்தக் கர்மா என்கிற வார்த்தைதான்.

அந்த வார்த்தையை நான் என் வயசு முழுக்கக் கேட்டிருக்கிறேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் நானே 'கர்மம், கர்மம்' என்பேன். நம் பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மா எதற்கெடுத்தாலும் நெற்றியில் விரலால் கோடு போட்டு 'நசீப்', எல்லாம் தலையெழுத்து, என்பார். உன் ஆபீஸ் பிள்ளைகள் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, சிக்னலைத் தாண்டிப் போன ஒருத்தனை அடுத்த முக்கிலேயே போலீஸ் பிடித்ததைச் சொல்லி, 'இன்ஸ்டன்ட் கர்மா ஆன்ட்டி' என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். காப்பி மாதிரி இதுவும் இன்ஸ்டன்டாக வந்துவிட்டது போலிருக்கிறது. நான் பார்த்தவரைக்கும் இதில் ஒரு ஒழுங்கு உண்டு. நமக்குப் பிடிக்காதவன் விழுந்தால் அவன் செய்த பாவம் இந்தப் பிறவியிலேயே பிடித்துவிட்டது என்போம். பிடித்தவன் விழுந்தால் போன பிறவியில் என்ன செய்தானோ என்போம். நாமே விழுந்தால் யாரோ கண் வைத்துவிட்டார்கள். எந்த வீட்டிலும் இந்த வரிசை மாறி நான் கேட்டதில்லை.

சரி, தாலி கை மாறிய கதைக்கு வருகிறேன். அதை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். நான் வெடிமருந்து ஃபேக்டரியில் ஃபில்லிங் செக்ஷனில் வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். அது எப்படிப்பட்ட இடம் என்று உனக்குத் தெரியாது, நீ கேட்டதும் இல்லை. உள்ளே போவதற்கு முன்னால் ஒரு அறை. அங்கே உடம்பிலிருக்கிற உலோகம் அத்தனையையும் கழற்றிவிட வேண்டும். வளையல், மெட்டி, மூக்குத்தி, கொண்டை ஊசி, ரவிக்கைக் கொக்கி வரைக்கும். பித்தான் இல்லாத, நாடா வைத்து முடிகிற பருத்திச் சட்டை கொடுப்பார்கள், காலுக்கு ரப்பர் ஷூ. ஒரு பொறி பறந்தால் போதும் என்பதற்காக அத்தனையும். தாலியும் உலோகம்தானே? தங்கத்தில் எங்கே சார் பொறி பறக்கும் என்று நாங்கள் கேட்டால் ஃபோர்மேன் கையெடுத்துக் கும்பிடுவார், சட்டம்மா என்பார். அதனால் தமிழ்ப் பெண்கள் எல்லாம் ஒரு வழி கண்டுபிடித்தோம். வெறும் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தங்கத் தாலியைக் கழற்றிச் சுருக்குப் பையில் போட்டு, அவரவர் மரப் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போவோம். எங்களைப் பார்த்து மராட்டிக்காரப் பெண்களும் மஞ்சள் கயிறு கேட்க ஆரம்பித்தார்கள். நான்தான் வாங்கி வந்து கொடுப்பேன்.

உள்ளே போனால் சத்தமே இருக்காது. அத்தனை பெண்கள் இருக்கிற இடத்தில் ஒரு வளையல் சத்தமோ கொலுசுச் சத்தமோ கிடையாது. நடந்தால் காலடி கேட்காது. பக்கத்தில் வந்து நிற்கிறவள் மூச்சுதான் கேட்கும். மருந்துத் தூள் பட்டுப் பட்டு உள்ளங்கை மஞ்சளாகிவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. உன் அப்பா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தினி வருசமானாலும் நீ புதுப் பொண்ணுதான்டி" என்பார். வேலையை விட்டு இத்தனை காலமாகியும் இந்த மத்தியான நேரங்களில் நான் அந்த ஹாலுக்குள் போய்விடுகிறேன். யாரும் பேசுவதில்லை. வெளிச்சம் மேலேயிருந்து பால் மாதிரி இறங்குகிறது. கதவுக்கு வெளியே சுருக்குப் பைகள் எல்லாம் வரிசையாகத் தூங்குகின்றன. நான் எந்தப் பையை எடுக்க வந்தேன் என்பது மறந்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அப்புறம் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டு எழுந்திருக்கிறேன்.

என் பக்கத்துப் பெட்டிக்காரி சுமன். ஏரவாடாவிலிருந்து வருவாள். நாங்கள் பேசிக்கொள்வது பாதி மராத்தி, பாதி ஹிந்தி. திட்டுவது மட்டும் அவரவர் மொழியில். ஒரே ரவிக்கைத் துணியில் மிஞ்சியதை வைத்து எங்கள் இரண்டு பேருக்கும் நான்தான் சுருக்குப் பை தைத்தேன். வினை அங்கே ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளேன். ஆனி மாதம், சனிக்கிழமை, கொட்டுகிற மழை, பஸ் கிளம்பிக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் பக்கத்துப் பெட்டியில் கையை விட்டு, கிடைத்த பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, பையை அவிழ்த்தால் உள்ளே கருப்பு மணி கோத்த மங்கள்சூத்திரம். உன் அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது? காலைல என் பொண்டாட்டிய அனுப்பிச்சேன், மராட்டிக்காரில்ல வந்திருக்கா?" என்றார். நீ சின்னப் பிள்ளை, எதற்கென்று தெரியாமல் நீயும் சிரித்தாய். அப்போது யார் வீட்டில் போன்? அவள் வீடு எந்தச் சந்தில் என்றும் தெரியாது. அந்த மங்கள்சூத்திரத்தைத் தட்டில் வைத்து, குங்குமம் இட்டு, சாமி அலமாரியில் வைத்துவிட்டு, நான் மஞ்சள் கயிற்றோடே இருந்துவிட்டேன்.

அங்கே சுமன் பாடு திண்டாட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வட பௌர்ணமி. கல்யாணமான பெண்கள் எல்லாம் ஆலமரத்தைச் சுற்றி நூல் கட்டி, ஏழு பிறவிக்கும் இதே புருஷன் வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நாள். வெறுங்கழுத்தோடு போனால் மாமியார் கொன்றுவிடுவாள். வேறு வழியில்லாமல் என் தாலியைக் கழுத்தில் போட்டு, முந்தானையால் மூடிக்கொண்டு, போய் மரத்தைச் சுற்றிவிட்டு வந்துவிட்டாள். திங்கட்கிழமை காலை அந்த அறையில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "அகோ, நான் வேண்டிக்கிட்டது யார் புருஷனுக்குப் போய்ச் சேந்துச்சோ தெரியலயே" என்றாள். "அடுத்த பெறவில எந்த வீட்டுக்கு யாரு வருவாங்களோ, ரெண்டு பேரும் கதவத் தெறந்தே வச்சிருப்போம்" என்றேன். அங்கே சத்தம் போடக் கூடாது. அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, இரண்டு பேரும் ஊமைச் சிரிப்பாகச் சிரித்தோம். என் வாழ்க்கையில் அப்படிச் சிரித்தது கொஞ்சம்தான்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு உன் அப்பா போனார். முகத்தில் சோப்பு நுரையோடு, கண்ணாடி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உனக்கு அந்த நுரை மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாய். எனக்கு அன்றைக்கு எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடந்த மாதிரி இருக்கிறது. முகங்கள் வருகின்றன, போகின்றன. ஒரே ஒரு பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது. நம் சொந்தத்தில் ஒருத்தி, பெயர் வேண்டாம், சுவரோரம் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "தெனைக்கும் தாலிய கழட்டி வச்சிட்டுப் போனவளாச்சே. வேற இன்னா நடக்கும்?" பத்தாம் நாள் சுமன் வந்தாள். உள்ளே வராமல் படிக்கட்டிலேயே நின்றுகொண்டு, "நான்தான் பண்ணிட்டேன், நான்தான் பண்ணிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உன் அப்பாவின் ஆயுசை அவள் புருஷனுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டதாக அவளுக்கு நினைப்பு. ஒரே சாவுக்கு இரண்டு குற்றவாளி. ஒருத்தி கழற்றினாள், ஒருத்தி போட்டுக்கொண்டாள். உன் அப்பாவின் அப்பாவும் சித்தப்பாவும் அதே வயசில் அதே மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் என்பதை அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இரத்தத்தில் வருகிறது, நீயும் வருஷா வருஷம் டாக்டரிடம் காட்டிக்கொள். அந்தப் பயத்தை வைத்துக்கொள், அதில் பிரயோஜனம் உண்டு.

இந்தக் கதையை உன் மாமியாருக்குச் சொன்னது நானேதான். பாப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் கிடந்தோம். ஏ.சி. குளிர் தாங்காமல் நான் சுருண்டால், "ஏனுங்க சம்பந்தி, இந்த ஸ்வெட்டரப் போட்டுக்குங்க, எனக்குப் பழகிப் போச்சுங்க" என்று தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பார். நல்ல மனுஷி. அவர் அழுதுகொண்டே இருந்தார், சிரிக்க வைக்கலாமே என்று சொன்னேன். ஆலமரத்துக் கட்டத்தில் சிரிக்கவும் சிரித்தார். அப்புறம், "தம்பியோட அப்பா எப்பத் தவறுனாருங்க?" என்று கேட்டார். சொன்னேன். விரலை மடக்கி ஆனியிலிருந்து மாதத்தை எண்ணினார். அவரைக் குறை சொல்லாதே. கண்ணாடிக்குள் கைப்பிடி அளவு உயிர் கிடக்கும்போது, ஏன் என்று கேட்டால் பதில் வேண்டியிருக்கிறது. டாக்டர்கள் 'சில குழந்தைகள் முன்னாடியே பிறந்துடும்' என்கிறார்கள். அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஜோசியர் பிடித்துக்கொள்ள ஒரு ஆளைக் கொடுக்கிறார். அந்த ஆளை மட்டும் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டால் வீடு பத்திரம் என்று தோன்றுகிறது. கர்மா என்று ஜனங்கள் சொல்லும்போது பெரும்பாலும் அவர்கள் சொல்வது இதைத்தான், தினேஷ். நமக்கு வராது, ஏனென்றால் நாம் அந்த ஆள் இல்லை.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்று உண்டு. என் கை பாவப்பட்ட கையா என்று கேட்க வேண்டுமானால், கேட்க வேண்டிய கேள்வியே வேறு. நான் என் வயசெல்லாம் குண்டுக்கு மருந்து நிரப்பினேன். சாயங்காலம் லாரிகள் வரும், தார்ப்பாய் போட்டு மூடுவார்கள், கேட்டைத் தாண்டிப் போய்விடும். எந்த ஊர், எந்த மலை, யார் தலை, எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஆயுத பூஜைக்கு அந்த இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரிகடலை பங்கு போட்டோம். நான் நிரப்பியது எல்லாம் மணல் மேட்டில் பயிற்சிக்கு வெடித்து வீணாய்ப் போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட நாட்கள் உண்டு. அப்படியே இருந்திருக்காது என்பதும் தெரியும். அந்த வேலைதான் உனக்குச் சோறு போட்டது, காலேஜில் படிக்க வைத்தது. அதைப் பற்றி எனக்கு முடிவு ஒன்றும் இல்லை. ஆனால் பார், சொந்தக்காரியும் கேட்கவில்லை, ஜோசியரும் கேட்கவில்லை. அந்தக் கை என்ன செய்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கழுத்தில் எந்தக் கயிறு கிடந்தது என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

நேற்று ஏரவாடாவுக்குப் போய்விட்டு வந்தேன். சுமனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முட்டி வலியில் நடக்கமாட்டாள், ஆனால் குரல் அப்படியே இருக்கிறது. அவள் புருஷன் கிழவர், டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டு டீ டீ என்று கத்திக்கொண்டிருந்தார். குடித்துக் குடித்து அவளை அடித்த மனுஷன், இப்போது பல் போய்விட்டது, அதிகாரம் போகவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் கையிலிருந்த கரண்டியைத் தரையில் போட்டாள்.

"ஏ வேடீ, பைத்தியக்காரி, நீ சரின்னுட்டு வந்தியா?"

"இன்னா பண்றது? பையன் பயந்திருக்கான்."

"நானும் எத்தினி வருஷம் பயந்தேன்! உன் புருஷனோட ஆயுசத் திருடிட்டேன்னு தூங்காம கெடந்தேன். ஒரு நாளு இவரு குடிச்சிட்டு சாக்கடை நாலாவுல விழுந்து, எந்திரிச்சு வந்து, சோறு போடுன்னாரு. அப்ப எனக்குப் புத்தி வந்துச்சு. சாமின்னு ஒருத்தரு மேல உக்காந்து கணக்குப் பாத்தா, உன் வீட்டுக்காரர எடுத்துட்டு இத விட்டு வைப்பாரா? விலாசம் தெரியாத தபால்காரன் கூட இப்படிப் பண்ணமாட்டான்."

உள்ளேயிருந்து கிழவர் "யார் வந்திருக்கா?" என்றார். "உங்கள ஏழு பெறவிக்கும் எழுதி வாங்கிட்டுப் போக வந்திருக்கா" என்றாள் சுமன். நாங்கள் சிரித்தோம். அப்போது தெருக்கதவு தடாலென்று அடித்தது, காற்றுதான். சமையல் கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவள் மகள், நாற்பது வயசுக்காரி, பேரப்பிள்ளை எடுக்கப் போகிறவள், தோளைச் சுருக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு நிமிஷம்தான். அப்புறம் மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். அப்பன் கதவை உதைத்துக்கொண்டு வந்த நாட்கள் அவள் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை.

ஆட்டோவில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பாலத்துக்குக் கீழே ஆறு நிறைந்து, மண் நிறத்தில், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கர்மா இருக்கிறதா என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செய்தது செய்தவனுக்குத் திரும்பி வருகிறது என்கிறார்களே, அதை நான் பார்த்ததில்லை. கிழவர் குடித்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மகள்தான் கதவுச் சத்தத்துக்கு இன்னும் நடுங்குகிறாள். நான் நிரப்பியது என் தலையில் விழவில்லை, முகம் தெரியாத யார் தலையிலோ விழுந்திருக்கும். நல்லதும் அப்படித்தான் போகிறது. உன் அப்பா நான் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்வரைக்கும் பசித்தாலும் சாப்பிடமாட்டார், தட்டைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நிவேதா ஷிப்ட் முடிந்து வரத் தாமதமானால் நீயும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாய். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய் என்று உனக்கே தெரியாது. அந்த நல்லதுக்குப் பலனாக உன் அப்பாவுக்கு ஆயுசு கூடவில்லை. நிவேதாவுக்கு ஒரு நல்ல புருஷன் கிடைத்தான். செய்வது நம்மை விட்டுப் போய் அடுத்தவர்மேல் இறங்குகிறது, பெரும்பாலும் நம் வீட்டிலேயே, நமக்குப் பின்னால் வருகிறவர்மேல். இதற்குக் கர்மா என்று பெயர் வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதனால் நீ பயப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை வராதே என்று சொன்னதற்காக உனக்கு ஒன்றும் நடக்காது. நான் சாபம் விடுகிறவள் இல்லை. வயிறு எரிந்தாலும் அது என் வயிற்றோடு போகும். நடப்பது அந்தப் பிள்ளைக்குத்தான் நடக்கும். ஜுரம், வலிப்பு என்று நான் சொல்லவில்லை, அதெல்லாம் வந்தால் டாக்டர் இருக்கிறார். அவள் வளர்வாள், பார்ப்பாள். இந்த வீட்டில் பயம் வந்தால் என்ன செய்வார்கள் என்பதைச் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்வாள். பயம் வந்தால் ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து வெளியே நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொள்வாள். ஒரு நாள் அவளுக்கும் ஏதோ ஒரு பயம் வரும். அன்றைக்கு அவள் நிறுத்துகிற ஆள் நீயாக இருப்பாய் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நானும் ஒரு ஜோசியக்காரியாகிவிடுவேன்.

எனக்கு அந்தப் பிள்ளையை இன்னும் சரியாகத் தூக்கக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்த அன்றைக்குக் கூட்டம், கிருமி ஒட்டும் என்று தள்ளி நின்றேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம். என்ன காரணம் என்று இப்போதுதான் தெரிகிறது. அவள் தலைமுடி வாசனை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போகிறேன். ஆசையாக இருக்கிறது, தினேஷ். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் காலையிலேயே வருவேன். கேப் அனுப்பாதே, எனக்குப் பஸ் தெரியும். உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். என் கை ஆகாது என்று நீ நிஜமாகவே நினைத்தால், மின்விசிறியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு, அவள் காதில் விழும்படி அதைச் சொல். நான் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். சொல்ல வாய் வரவில்லையென்றால், பிள்ளையை என் கையில் கொடு.

அம்மா